ஆயிரம் மெகாபிட் இருக்கட்டும், கேபிள் எந்தத் தெருவோட நிக்குது?

"சாதாரணக் குடும்பத்துக்கு எதுக்குங்க அவ்வளவு வேகமான இன்டர்நெட்?" இந்தக் கேள்வியை இப்போது இரண்டு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். வீட்டில் ஃபைபர் இணைப்புப் போட்டு, மாடியறைக்குத் தனியாக இன்னொரு வைஃபை பெட்டியும் வைத்துக்கொண்ட நகரத்து நடுத்தர வர்க்கம் ஒரு பக்கம். எல்லாம் கிடைத்த பிறகு எளிமை பற்றிப் பேசுவது அவர்களுக்கு வழக்கம்தான், அதை விடுவோம். இன்னொரு பக்கம் கேட்பது நம்ம ஆட்கள். "குடிக்கிற தண்ணியில பீயைக் கலக்குறான், சுடுகாட்டுக்குப் பாதை விடமாட்டேங்குறான், குடியிருக்கிற மனைக்குப் பட்டா இல்ல, உனக்கு இன்டர்நெட் கேக்குதா தோழர்?" கூட்டத்தில் இப்படிக் கேட்டால் பதில் தெரியாமல் உட்கார்ந்துவிடுகிற மாணவர்கள் உண்டு. இரண்டு கேள்வியும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வேகக் கணக்கு. (மெகாபிட் என்று வருகிற இடத்திலெல்லாம் வினாடிக்கு என்று சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.) நெட்ஃபிளிக்ஸ் கம்பெனியே சொல்கிற அளவு: முழு எச்.டி. படம் பார்க்க 5 மெகாபிட் போதும், அதைவிடத் துல்லியமான ஃபோர்-கே படத்துக்கு 15. ஜூம் வகுப்பில் முகம் தெளிவாகத் தெரிய 4 மெகாபிட்டுக்குள் முடிந்துவிடும். ஆக ஐந்து பேர் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பில் உட்கார்ந்து, ஒருவர் படம் பார்த்து, மற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தாலும் 25, 30 மெகாபிட்டில் தாராளமாக ஓடும். ஆயிரம் மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட், இந்த வீட்டுக்குத் தேவையில்லை. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் வருகிற ஒரு கிகாபிட் உங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்ததல்ல. இங்கே பரவலாக இருக்கிற ஜி-பான் என்கிற முறையில், எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிற ஒரே இழை தெருவில் 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. அத்தனை வீட்டுக்கும் சேர்த்து இறங்குகிற மொத்த வேகமே சுமார் இரண்டரை கிகாபிட்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் விற்கிறார்கள். ஊர்க்குழாய் மாதிரிதான், எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் தெரியும்.

ஆனால் வேகமானது என்பதாலேயே ஃபைபர் விலை அதிகம் என்று நினைக்கிறார்களே, அதுதான் தப்புக் கணக்கு. செலவு எங்கே ஆகிறது? பள்ளம் தோண்டுவதில், கம்பம் கம்பமாக இழுத்துக் கட்டுவதில், அறுந்தால் ஏறிப் போய் ஒட்டுவதில். கண்ணாடி இழை ஒருமுறை வந்துவிட்டால் 30 மெகாபிட்டுக்கும் அதே இழை, ஆயிரத்துக்கும் அதே இழை. இரண்டு முனையிலும் இருக்கிற பெட்டியையும் அதன் கணக்கையும் மாற்றினால் போதும். ஆகவே வேகம் என்பது கம்பெனிக்காரன் விலைப்பட்டியலில் போடுகிற எண். அரசாங்கம் செலவழிக்க வேண்டியது வேகத்துக்கு அல்ல, தூரத்துக்கு. "இவ்வளவு வேகம் தேவையா" என்று பட்டிமன்றம் வைத்தால் தூரத்தைப் பற்றி யாரும் பேசவேண்டியதில்லை. நமக்கோ பிரச்சினையே தூரம்தான். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கிற அந்த அரை மைல்.

"போதும்" என்கிற சொல்லை நாம் நிறையக் கேட்டாயிற்று. குடிசைக்கு ஒரு விளக்கு என்று மின்வாரியம் இணைப்புக் கொடுத்தபோது, 40 வாட்டுக்கு மிகாத ஒரே ஒரு பல்பு என்று அளவு வைத்தார்கள். குடிசையில் இருக்கிறவனுக்கு ஒரு பல்பு போதும் என்று யாரோ ஒருவர் கோட்டையில் உட்கார்ந்து எழுதினார். அந்த வெளிச்சம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதில் படித்து வந்தவர்கள் நமக்குள் எத்தனையோ பேர். ஆனால் மிக்சியும் மின்விசிறியும் அந்தக் கணக்கில் இல்லை. 1994 தேசிய தொலைத்தொடர்புக் கொள்கை, 1997க்குள் எல்லாக் கிராமத்துக்கும் போன் என்றது. சொன்ன தேதியில் முடியவில்லை. வந்த இடங்களிலும் ஊருக்கு ஒரு போன் போதும் என்றுதான் கணக்கு. அந்த ஒரு போன் எந்தத் தெருவில், யார் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இணையத்திலும் இதே கதை. 2004ல் இந்தியாவில் 256 கிலோபிட் இருந்தாலே அகன்ற அலைவரிசை, அதாவது பிராட்பேண்ட், என்று சட்டப்படி சொல்லிக்கொள்ளலாம். பிறகு அது 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆக்கினார்கள். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அதே சொல்லுக்கு இறக்க 100, ஏற்ற 20 என்று வைத்தார்கள். இரண்டு நாட்டிலும் பிள்ளைகள் பார்க்கிற பாடம் ஒரே வீடியோதான். 2 மெகாபிட்டில் ஒரு பிள்ளை பார்த்தால் இன்னொரு பிள்ளை காத்திருக்க வேண்டும். அம்மா போனை எடுத்தால் இரண்டுமே நின்றுபோகும்.

வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1943 அக்டோபரில் மின்சாரம் பற்றிய கொள்கைக் குழுக் கூட்டத்தில் தலைமை வகித்துப் பேசினார். மின்சாரம் மலிவாக இருக்கவேண்டும், தாராளமாகவும் கிடைக்கவேண்டும், அது தனியார் கையில் இருப்பதா அரசின் கையில் இருப்பதா என்பதை முதலில் தீர்க்கவேண்டும் என்பது அவர் வாதம். ஏழைக்கு எத்தனை வாட் போதும் என்று அவர் கேட்கவில்லை. நாமும் மெகாபிட்டை எண்ணிக்கொண்டு ஆரம்பிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, தூரத்துக்கு வருவோம். 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிக்கும் ஃபைபர். 2015ல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். முதல் ஒரு லட்சம் ஊராட்சி முடியவே 2017 டிசம்பர் ஆனது. 2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர், இன்னும் ஆயிரம் நாளில் ஆறு லட்சம் கிராமத்துக்கும் ஃபைபர் வந்துவிடும் என்றார். அந்த ஆயிரம் நாள் 2023 மே மாதமே தீர்ந்துபோனது. அந்த ஆகஸ்டில் மறுபடியும் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் ஆனது. பணம் எங்கிருந்து வருகிறது? தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் ஐந்து சதவீதத்தை அரசு ஒரு நிதியாகப் பிடித்து வைக்கிறது. கிராமத்துக்கும் ஏழைக்கும் சேவை போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே 2002ல் ஏற்படுத்திய நிதி, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். கம்பெனி வருமானம் என்பது நாம் போடுகிற ரீசார்ஜ். ஆக இது யாரும் நமக்குப் போடுகிற பிச்சையில்லை. நம்ம காசு.

தமிழ்நாட்டில் இந்த வேலை டான்ஃபினெட் என்கிற அரசு நிறுவனத்திடம். 12,525 ஊராட்சி, சுமார் 1,815 கோடி ரூபாய். டெண்டர் விதிகளையே சிலருக்குத் தோதாக வளைத்துவிட்டார்கள் என்று அறப்போர் இயக்கம் புகார் கொடுத்து, 2020 ஜூனில் மத்திய அரசு அந்த டெண்டரை ரத்து செய்யச் சொன்னது. அப்புறம் மறு டெண்டர், அப்புறம் வேலை. கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகத்தான் போகிறது. திட்டப்படி அது போய்ச்சேருகிற இடம் ஊராட்சி மன்ற அலுவலகம் அல்லது அதைச் சேர்ந்த சேவை மையம்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஊராட்சி அலுவலகம் எங்கே இருக்கிறது? அதிகமான ஊர்களில் ஊருக்குள்ளே. சாவி யாரிடம்? 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் நாடு முழுக்கப் போனது. தலைவருக்கே நாற்காலி கொடுக்காத கட்டிடத்தில் கொண்டுபோய் ஒரு கிகாபிட் பெட்டியை வைத்துவிட்டு, "கிராமத்துக்கு இணையம் வந்துவிட்டது" என்று கோப்பை மூடினால், அந்தக் கிராமம் என்பது எது? அரசுக் கணக்கில் ஊராட்சி ஒரு புள்ளி. நமக்கு அது இரண்டு. புள்ளிக்கு வந்த கேபிள் நம்ம தெருவுக்கு வந்ததாக எந்த அளவுகோலும் சொல்லாது.

இனி நம்ம ஆட்களின் கேள்வி. தண்ணியும் பட்டாவும் இல்லாதபோது இன்டர்நெட் எதற்கு. நியாயமான கோபம், ஆனால் இதில் ஒன்றை விட்டுவிடுகிறோம். இணையம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இல்லை. அரசு ஏற்கனவே முடிவு செய்துவிட்டது. பட்டா மாற்ற மனு இணையத்தில். சாதிச் சான்றிதழ் இணையத்தில். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இணையத்தில். தேர்வாணையத்துக்கு விண்ணப்பம் இணையத்தில். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினால்தான் வருகை என்று ஆக்கினார்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் மண் வெட்டினவளுக்கு அன்றைக்கு வேலை செய்ததற்குச் சாட்சி இல்லை. கையில் மண்வெட்டிக் காப்பு இருக்கும், கம்ப்யூட்டரில் பெயர் இருக்காது. தண்ணிக்கும் பட்டாவுக்கும் போராடுவதற்கான மனுவே இந்த வழியாகத்தான் போகவேண்டும் என்று வழியை மாற்றிவிட்டு, வழி உனக்கு எதற்கு என்றால் எப்படி? ஒவ்வொரு மனுவுக்கும் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு பஸ் ஏறி, பிரவுசிங் சென்டர்காரனுக்குப் பணமும் ஆதார் எண்ணும் ஓடிபி-யும் கொடுத்துவிட்டு வருகிறோமே, அது என்ன செலவு?

2020ஐ மறக்கமுடியாது. கேரளத்தில் ஜூன் 1, ஆன்லைன் வகுப்பு தொடங்கின முதல் நாளே, ஒன்பதாம் வகுப்பு படித்த தலித் சிறுமி ஒருத்தி உயிரை விட்டாள். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட் போன் இல்லை, கூலி வேலை இல்லாமல் கிடந்த அப்பா. முதலிடம், முன்மாதிரி என்று பேசுகிற மாநிலத்தில். இணையம் மக்களின் அடிப்படை உரிமை என்று சொன்ன அரசு அது. அந்த மாநில உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே, ஹாஸ்டலில் போனைத் தடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பும் சொல்லியிருந்தது. உரிமை காகிதத்தில் இருந்தது. கேரளத்தின் கே-ஃபோன் திட்டம் தொடங்கியது 2023 ஜூன் 5. இருபது லட்சம் ஏழைக் குடும்பத்துக்கு இலவசம் என்று சொல்லியிருந்தார்கள், முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்டது 14,000 குடும்பம். மற்றவர்களுக்கு 20 மெகாபிட் மாதம் 299 ரூபாய். அவர்களாவது தனியாரை விட்டு ஒரு பொது நிறுவனத்தைக் கட்டினார்கள், அந்த அளவுக்குப் பாராட்டலாம். வீடு வரைக்கும் கொண்டுபோகிற வேலையை மட்டும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களிடம் விட்டார்கள்.

நம்ம ஊரில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல் நாளைக்கு இரண்டு ஜிபி டேட்டா கார்டு என்றார்கள். நான்கு மாசம், தேர்தல் வரைக்கும். என் கருத்தில் அந்தக் கார்டைவிட, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி நம்ம தெருவுக்கு அதிகம் செய்தது. சாயந்திரம் ஒரு பெண் வந்து பாய் விரித்து உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுத்தாள், அதற்கு எந்த ஃபைபரும் ஈடு கிடையாது. இணையத்துக்காக வாதாடுகிறவன் இதையும் ஒத்துக்கொண்டுதான் வாதாட வேண்டும்.

"போன்லயே நெட் வருதே, எதுக்குத் தனியா வயர்?" என்கிறார்கள். கணக்குப் போடுவோம். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனியும் கட்டணத்தை ஏற்றின. நாளைக்கு ஒன்றரை ஜிபி தருகிற ஜியோவின் 28 நாள் திட்டம் 239லிருந்து 299 ஆனது. 28 நாள் என்பதால் மற்றதுக்கெல்லாம் வருஷத்துக்கு 12 மாசம், ரீசார்ஜுக்கு மட்டும் 13. இரண்டு போன் இருந்தால் 598 ரூபாய், ஒன்றரை ஜிபி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஃபைபரில் 30 மெகாபிட்டுக்கு 399 என்று விளம்பரம், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 471. வீட்டில் எல்லாரும் பார்க்கலாம், மத்தியானத்தோடு தீராது. ஆக நாலு பேர் படிக்கிற வீட்டுக்கு வயர்தான் மலிவு. 2025-26ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய், அது முழுசாகக் கைக்கு வந்தால் ஒன்றரை நாள் கூலி. ஆனால் ஏழைக்கு மலிவான பொருள் ஏழைக்குக் கிடைக்காது என்பதுதான் இந்த நாட்டுச் சந்தை. முன்பணம் கேட்பான், முகவரிச் சான்று கேட்பான். வாடகை வீட்டில் சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். ஓலைக் கூரையில் பெட்டியை எங்கே மாட்டுவது? "அந்தப் பக்கம் ரெண்டு கனெக்‌ஷன்தான் வரும், லைன் இழுத்துக் கட்டுப்படி ஆகாது" என்பான். சாதியைச் சொல்லமாட்டான், கட்டுப்படி ஆகாது என்றுதான் சொல்வான்.

வீடு, குடும்பம் என்று பேசும்போது உள்ளே இருக்கிற பெண்களை மறந்துவிடுகிறோம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. போனில்தான் நெட் என்றால் போன் யார் பையில் இருக்கிறதோ அவன்தான் குடும்பம். அவன் வேலைக்குப் போனால் இணையமும் கூடவே வேலைக்குப் போய்விடும். சுவரில் மாட்டின பெட்டிக்கு அந்தக் குணம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வயர் பக்கம்.

அதே நேரம் இலவச கலர் டிவி பாடத்தையும் படித்துக்கொள்ள வேண்டும். 2006ல் டிவி கொடுக்க ஆரம்பித்தார்கள். பெட்டி இலவசம், கேபிளுக்கு மாசாமாசம் பணம். அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போனது என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அரசு கேபிள் நிறுவனம் 2007ல் வந்து, 2011ல் மறுபடி உயிர் பெற்று 70 ரூபாய்க்குக் கொடுத்தபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். ஃபைபரிலும் இதே ஆட்டம் நடக்கும். மக்கள் பணத்தில் ஊராட்சி வரைக்கும் கேபிள், அங்கிருந்து தெருவுக்குக் கொண்டுபோகிற உரிமை உள்ளூர் பெரிய மனுசனுக்கு. கேபிள் டிவி நடத்தினவர், தண்ணி லாரி ஓட்டுகிறவர், ஒன்றியக் கவுன்சிலர், பல ஊரில் மூன்றும் ஒரே ஆள். கலவரம் வந்தால் முதலில் நம்ம தெரு லைனைத்தான் பிடுங்குவார்.

அப்படியானால் நாம் கேட்பது என்ன? எனக்குத் தெரிந்து ஆயிரம் மெகாபிட் உண்மையாகவே தேவைப்படுகிற ஒரு இடம் உண்டு. அது வீடு இல்லை, விடுதி. ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் விடுதிகள் இருக்கின்றன. நூறு பேர் தங்குகிற விடுதியில் ராத்திரி எட்டு மணிக்குப் பாதிப் பேர் ஆளுக்கு 5 மெகாபிட் எடுத்தாலே 250. அங்கே 30 மெகாபிட் இணைப்பைப் போட்டுவிட்டு வைஃபை வசதி உண்டு என்று போர்டு எழுதினால் அது பித்தலாட்டம். கிகாபிட் பேச்செல்லாம் அங்கே போகட்டும். அடுத்தது சேரிக்குள்ளே இருக்கிற படிப்பகம், சமுதாயக் கூடம். ஊராட்சி அலுவலகத்தோடு நிற்கிற கேபிளை அங்கே வரைக்கும் இழுக்கவேண்டும், பெட்டியும் சாவியும் அந்தத் தெருப் பிள்ளைகளிடம் இருக்கவேண்டும். வீட்டுக்கு 25 மெகாபிட் போதும், நாமே சொல்வோம். ஆனால் நாள் கணக்கில் தீராத இணைப்பாக, ரேஷன் அட்டையைக் காட்டினால் முன்பணமில்லாமல் கொடுக்கிற இணைப்பாக இருக்கவேண்டும். தெரு முழுக்க வரவேண்டும், கட்டுப்படி ஆகிற ரெண்டு வீட்டுக்கு மட்டும் இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024ல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. துணைத்திட்ட நிதிக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு. ஆனால் சட்டம் இருக்கிற கர்நாடகத்திலேயே 2023-24ல் 11,000 கோடிக்கு மேல் அந்த நிதியைப் பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்குத் திருப்பினார்கள். இங்கேயும் நடக்கும். ஊர் முழுக்கப் போகிற கேபிளுக்கு "இதில் ஆதிதிராவிடரும் பயன்பெறுவர்" என்று ஒரு வரி எழுதி, நம்ம நிதியில் கணக்குக் காட்டுவார்கள். ஊராட்சி வரைக்கும் வருகிற கேபிள் பொதுச் செலவு, அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி இருக்கிறது. துணைத்திட்டத்திலிருந்து எடுப்பதென்றால் ஊராட்சி அலுவலகத்திலிருந்து நம்ம தெருவுக்கு வருகிற நீளத்துக்கும் விடுதிக்கும் மட்டும்தான் எடுக்கலாம். அதற்குத் தெருப் பெயரோடு, மீட்டர் கணக்கோடு ரசீது வேண்டும்.

அடுத்த கிராமசபையில் இதை மனுவாகவே வைக்கலாம். பாரத்நெட் பெட்டி நம்ம ஊராட்சிக்கு எந்தத் தேதியில் வந்தது, இன்றைக்கு அதில் விளக்கு எரிகிறதா, அதிலிருந்து எத்தனை இணைப்பு எந்தெந்தத் தெருவுக்குப் போயிருக்கிறது, காலனிக்கு எத்தனை. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கவேண்டும். எழுதமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே கேள்வியைப் பத்து ரூபாய் கட்டி அனுப்பலாம், அதற்குத் தபால் இன்னும் இருக்கிறது.